ஆப்பப் பாறைக்கு அப்பால்

"இதுக்கு மேல வண்டி போவாதுங்கான். எல்லாரும் இறங்குங்க!"

வண்டி ஓட்டி வந்த ஔதா சொன்ன அரபியை ஞானதுரை தமிழாக்கி முடிப்பதற்குள் பல்கீஸ் கதவைத் திறந்து மணலில் குதித்துவிட்டாள். காலை ஏழு மணி. சுற்றிலும் செம்மண் நிறப் பாறைகள் ஆளுயரத்திலிருந்து பத்து மாடி உயரம் வரை நின்றன. காற்று அரித்து அரித்து ஒவ்வொன்றும் ஒரு உருவத்துக்கு வந்திருந்தது. நடுவில் ஒரு சிமெண்டுத் தளமும், துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் கால்களும் மணலில் பாதி புதைந்து கிடந்தன.

"ஏப்பா ஞானம், இதுதாம்ப்பா! இதே இடந்தான்!" என்று கத்தினார் இருளப்பன். அறுபத்தைந்து வயதில் வண்டியிலிருந்து குதிக்கப் பார்த்து, முழங்கால் ஒத்துழைக்காமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இந்தத் தொட்டிக்குத்தான் நான் லாரியில தண்ணி கொண்டாந்து ஊத்துவேன். ஆத்தா, இந்தா பாரு, இதுதான் ஒங்க வாப்பாவோட அடுப்படி!"

சவூதியின் வடமேற்குப் பாலைவனம் அது. முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன்னால், சாலை போட நிலம் அளக்க வந்த நாற்பது பேர் இங்கே கூடாரம் அடித்துத் தங்கியிருந்தார்கள். பரமக்குடி இருளப்பன் தண்ணி லாரி ஓட்டினார். நாசரேத் ஞானதுரை சர்வே பார்ட்டியில் அளவுச் சங்கிலி பிடித்தார். நாற்பது வயிற்றுக்கும் சோறு ஆக்கிப் போட்டவர் கீழக்கரை சீனி இபுறாகிம், பல்கீஸின் வாப்பா. போன ரம்ஜானில் அவர் மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார். அவருடைய பழைய பாஸ்போர்ட்டின் உறைக்குள் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. அந்தக் காகிதந்தான் மூன்று பேரையும் இங்கே இழுத்து வந்திருந்தது.

காகிதத்தில் பென்சிலால் ஒரு படம். அடியில் ஒரு சதுரம், பக்கத்தில் 'அடுப்படி'. அங்கிருந்து ஒரு கோடு, ஒரு குட்டைக் கூம்புக்கும் ஒரு நெட்டைக் கூம்புக்கும் நடுவே மேலே போகிறது. வழியில் 'குனிந்து போ'. அதற்கும் மேலே ஆப்பம் மாதிரி ஒரு பாறை. அங்கே கோடு வலப்பக்கம் திரும்பி, வளைந்த வாசல் ஒன்றில் முடிகிறது. வாசலுக்குள் ஒரு டின். காகிதத்தின் பின்பக்கம் இரண்டே வரி.

'பாத்துமா அனுப்பிய கடைசி கேசட். இன்னும் கேட்கவில்லை. மனசு வரும்போது எடுக்கணும்.'

செய்யது பாத்துமா பல்கீஸின் உம்மா. பல்கீஸுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் அவளுடைய போட்டோ இரண்டு இருந்தன, கல்யாணச் சேலை இருந்தது, வெற்றிலைப் பெட்டி இருந்தது. குரல் மட்டும் இல்லை.

"எல்லாருக்கும் அவங்கவங்க உம்மா எப்படிக் கூப்பிடுவாகன்னு தெரியும் மாமா. எனக்குத் தெரியாது. நெனச்சுப் பாக்கக்கூட ஒண்ணுமில்ல," என்று பல்கீஸ் போனில் சொன்ன அன்றைக்கே இரண்டு கிழவர்களும் பாஸ்போர்ட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். மக்காவில் உம்ரா யாத்திரை முடித்துக்கொண்டு அவள் ஜித்தாவிலிருந்து வர, அவர்கள் ஊரிலிருந்து வந்து சேர்ந்துகொண்டார்கள்.

"இன்னைக்கு ஒரு நாள்தான்," என்றான் ஔதா, அரபியும் இந்தியும் கலந்து. இந்தப் பாலைவனத்திலேயே பிறந்து வளர்ந்த பதூவி அவன், முப்பது வயசு. தூரத்தில் குவித்துக் கிடந்த இரும்புக் கம்பங்களைக் கைகாட்டினான். "அடுத்த வாரம் இந்த இடம் பூரா வேலி. புது ரோடு வருது. அப்புறம் யாரும் உள்ள வர முடியாது. இருட்டுறதுக்குள்ள வண்டிக்குத் திரும்பணும். இந்தச் சந்துகள்ல இருட்டிட்டா எனக்கே வழி தெரியாது!"

"அதெல்லாம் மத்தியானத்துக்குள்ள எடுத்திரலாம்," என்றார் ஞானதுரை. காகிதத்தை வாங்கி, சட்டைப்பையிலிருந்து ஒரு காம்பஸை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு தோரணையோடு நின்றார். "எம்மா, படம்னா வடக்கு மேல. உலகம் பூரா அதான் சட்டம். அடுப்படியில இருந்து நேரா வடக்கே போவுதோம். ஆப்பப் பாறை. வலது பக்கம்னா கிழக்கு. சோலி முடிஞ்சுது!"

"சர்வேயர் சொல்லிட்டாருப்பா," என்று சிரித்தார் இருளப்பன். "சங்கிலி பிடிச்ச கைக்கு இவ்வளவு பவுசா?"

"சும்மா இரும் வே! லாரி ஓட்டுன ஆளுக்குத் திசையப் பத்தி என்ன தெரியும்?"

"நான் திசை தெரியாம ஓட்டியிருந்தா நீ குளிக்காமக் கிடந்து நாறியிருப்ப."

முப்பத்து நான்கு வருஷமாக இப்படித்தான். கல்யாணச் சாப்பாட்டில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தாலும் சண்டை, சாவு வீட்டில் பெஞ்சில் உட்கார்ந்தாலும் சண்டை. பிரித்து வைத்தால் இரண்டு பேருக்கும் தூக்கம் வராது.

நடந்தார்கள். கால் வைத்தால் கணுக்கால் வரை புதையும் மணல். இரண்டு பக்கமும் பாறைச் சுவர்கள் நெருங்கி வந்து, மேலே வானம் ஒரு நீல ரிப்பனாகச் சுருங்கிவிட்டது. அந்தக் குளிர்ந்த நிழலுக்குள் நுழைந்ததுமே இருளப்பனுக்குப் பழசெல்லாம் வந்துவிட்டது.

"ஆத்தா, புதன்கிழமையானா தபால் பை வரும். என் லாரியிலதான் வரும். மூணு குட்டை ஒரு நெட்டைன்னு ஆரன் அடிப்பேன். பீ பீ பீ பீ...ஈ! நாப்பது பேரும் கையில இருக்கத அப்பிடியே போட்டுட்டு ஓடியாருவாங்க. ஒங்க வாப்பா மட்டும் கரண்டியோட ஓடியாருவாரு!"

"லெட்டருக்கா மாமா?"

"லெட்டரா? கேசட்டுக்கு! அப்ப ஏது போனு? ஒவ்வொருத்தருக்கும் ஒரு கேசட்டு. வீட்டுல பேசி அனுப்புவாக. இவுக கேப்பாக, அழுவாக, சிரிப்பாக. அப்புறம் அதே கேசட்டுல அது மேலயே பதில் பேசி ஊருக்கு அனுப்பிருவாக. திரும்ப அங்கன அத அழிச்சு, அது மேல பேசி இங்க வரும். ஒரே கேசட்டு ரெண்டு வருசம் கடலத் தாண்டிப் போயிட்டு வந்துக்கிட்டே இருக்கும்."

பல்கீஸ் நின்றுவிட்டாள். வீட்டில் உம்மாவின் கேசட் ஒன்றுகூட ஏன் இல்லை என்று அவள் எத்தனையோ தடவை வாப்பாவிடம் கேட்டிருக்கிறாள். 'அழிஞ்சு போச்சும்மா' என்பார், அவ்வளவுதான். எப்படி அழிந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. உம்மாவின் ஒவ்வொரு பேச்சையும் வாப்பாவின் பதிலே அழித்திருக்கிறது. வாப்பாவின் ஒவ்வொரு பதிலையும் உம்மாவின் அடுத்த பேச்சு அழித்திருக்கிறது.

"அப்ப கடைசிக் கேசட் மட்டும்..."

"அதுக்கு அவன் பதில் பேசல," என்றார் ஞானதுரை. வேகமாக முன்னால் போய்விட்டார்.

ஒன்றரை மணி நேரத்தில் ஆப்பப் பாறை வந்துவிட்டது! மெலிந்த காலின் மேல் அகலமாக விரிந்து, ஓரம் மெல்லிசாகவும் நடு தடிமனாகவும் நின்ற பாறை. "பாத்தீரா வே! பாத்தீரா!" என்று குதித்தார் ஞானதுரை.

"எல்லாஞ் சரி. 'குனிந்து போ'ன்னு எழுதியிருக்காரே சீனி? நாம எங்கயும் குனியலயே?" என்றார் இருளப்பன்.

"முப்பத்துநாலு வருசத்துல இடிஞ்சு விழுந்திருக்கும். வாரும்!"

கிழக்கே திரும்பினார்கள். வெயில் ஏறியது. மணல் சூடேறிச் செருப்பைத் தாண்டிச் சுட்டது. ஒரு வளைவு திரும்பியதும் பல்கீஸ் "அல்லாஹ்!" என்று கூவிவிட்டாள். செங்குத்தான பாறையின் நடுவில், மூன்று ஆள் உயரத்தில், ஒரு வாசல். அந்தப் பக்கத்து வானம் அதன் வழியே தெரிந்தது.

ஔதா கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு பல்லி மாதிரி ஏறி மேலே கட்டினான். பல்கீஸ் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். உள்ளே போட்டிருந்த பேண்டைப் பார்த்து இருளப்பன் சிரித்தார். "வெவரமான பிள்ளதான்!" கையால் கயிறு, காலால் பாறை. பாதி ஏறியிருப்பாள். காலடியில் இருந்த பாறைப் பொருக்கு மொறுக்கென்று பெயர்ந்தது!

"புடி! புடி! விட்டுறாத!"

கயிற்றில் தொங்கினாள். உள்ளங்கை தீப்பிடித்தது போல எரிந்தது. மேலிருந்து ஔதா இழுக்க, கீழேயிருந்து இருளப்பன் ஓடிவந்து அவள் காலுக்குத் தன் தோளைக் கொடுத்துத் தூக்கினார். அவள் மேலே போய்விட்டாள். அவர் முழங்கால் மடங்கிக் கீழே விழுந்துவிட்டார்.

வாசலில் ஒன்றும் இல்லை. வெறும் பாறை. மணலைத் தோண்டினாள், இடுக்கில் கைவிட்டாள், பொந்தில் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு பறவைக் கூடும் நாலு எலும்பும் கிடந்தன. வாப்பா ஐந்தடி உயரம், கொஞ்சம் தொப்பை. கயிறில்லாமல் இங்கே எப்படி ஏறியிருப்பார் என்ற நினைப்பு அப்போதுதான் அவளுக்கு வந்தது.

அவர்கள் அடுப்படிக்குத் திரும்பியபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. இருளப்பனின் முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது. ஔதா அவரைத் தாங்கிக்கொண்டு வந்து வண்டி நிழலில் உட்கார வைத்தான். "போதும். திரும்பலாம்," என்றான்.

ஞானதுரை சிமெண்டுத் தளத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எம்மா, ஒரு விசயம் சொல்லுதேன். தந்தி வந்தப்ப இங்கிலீசு படிக்கத் தெரிஞ்சவன் நான்தான். 'மனைவி இறந்துவிட்டார்'னு நாந்தான் அவனுக்குப் படிச்சுச் சொன்னேன். இந்தா, இந்த இடத்துலதான். பருப்பு கடைஞ்சுக்கிட்டிருந்தான். கேட்டுட்டு, கடைஞ்சு முடிச்சு, எல்லாருக்கும் ஊத்திட்டுத்தான் போய்ப் படுத்தான். பத்து நாள் கழிச்சுத் தபால் பையில கேசட்டு வருது! காய்ச்சல் வாரதுக்கு முன்னால அனுப்புனது. செத்துப் போனவ பேசி அனுப்புன கேசட்டு. அதையும் நாந்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில வச்சுக்கிட்டே இருந்தான். கேக்கவும் தைரியமில்ல, வேற எதையும் அது மேல பேசவும் மனசில்ல. அந்த வெள்ளிக்கிழமதான் காலையில தனியாப் போயிட்டு, முழங்காலெல்லாம் மண்ணோட வந்தான்."

"அப்புறம் ஏன் மாமா எடுக்கல?"

"ரெண்டே வாரம். பக்கத்து நாட்டோட யுத்தம் வந்துட்டு. டவுனுக்குச் சாமான் வாங்கப் போனவன அப்பிடியே ஏத்தி ஜித்தாவுக்கு அனுப்பி, ஊருக்கு அனுப்பிட்டாங்க. எங்களையும் ஒரே நாள்ல காலி பண்ணிட்டாங்க. அதுக்குப் பெறவு சவூதின்னாலே அவன் வாய் தொறக்கல." ஞானதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவனுக்கு இதையாவது செய்யணும்னு வந்தேம்மா. அதுலயும் வழி தப்பிட்டேன் பாத்தியா."

இருளப்பன் வாயைத் திறந்தார். கேலி செய்யத்தான். ஆனால் செய்யவில்லை. தண்ணீர் பாட்டிலை நண்பனின் பக்கம் தள்ளினார்.

பல்கீஸ் எழுந்தாள். "லுஹர் நேரம் ஆச்சு. தொழுதுட்டு வாறேன் மாமா."

சிமெண்டுத் தளத்துக்குப் பின்னால், மணல் அதிகம் ஏறாத ஒரு மேட்டில், கற்களை வரிசையாக அடுக்கி ஒரு சின்னச் சதுரம் கட்டியிருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் கல்வரிசை நடுவில் கொஞ்சம் வெளியே வளைந்திருந்தது. பாலைவனத்தில் தொழுகைக்கு இடம் குறிக்கிற முறை அது.

"அது சீனி கட்டுனதுதான்!" என்றார் இருளப்பன். "நாந்தான் கல்லு எடுத்துக் குடுத்தேன். பாரு, ஒரு கல்லு நகரல!"

அவள் கீழக்கரைப் பழக்கத்தில் மேற்கே பார்த்துத்தான் பாயை விரிக்கப் போனாள். ஊரில் தொழும் திசையான கிப்லா மேற்கு. பிறந்ததிலிருந்து பழகிய திசை. ஔதா கை தட்டிக் கூப்பிட்டுத் தலையை ஆட்டினான். கல்வரிசை வளைந்திருந்த பக்கத்தைக் காட்டினான். "மக்கா அந்தப் பக்கம். தெற்கு." பாயைத் திருப்பிப் போட்டுத் தொழுதாள். முடித்து, கையேந்தி, உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் துவா செய்துவிட்டு, எழுந்திருக்க மனசில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வாப்பாவும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். தொழுது முடித்தால் உடனே எழமாட்டார். ஊரில் வைத்திருந்த ஓட்டலுக்குச் சாமான் லிஸ்ட்டா, கல்யாணப் பத்திரிகைக்குப் பேர்களா, பேங்குக்கு மனுவா, எதை எழுதினாலும் தொழுத பாயில் உட்கார்ந்துதான் எழுதுவார். 'பாய்ல உக்காந்து எழுதுனா பொய் வராதும்மா' என்பார். முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு...

பல்கீஸ் கைப்பையிலிருந்து காகிதத்தை உருவி முழங்காலில் விரித்தாள். படத்தைப் பார்த்தாள், தலையைத் தூக்கினாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். படத்தில் கோடு நடுவே போகிற இரண்டு கூம்புப் பாறைகளும் எதிரே நின்றன! இடதுபக்கம் குட்டை, வலதுபக்கம் நெட்டை, நடுவில் கறுப்பாக ஒரு சந்து!

"மாமா! ஞானதுரை மாமா! ஓடி வாங்க! வாப்பா வடக்கே பாத்து வரையல. இங்க உக்காந்து வரைஞ்சிருக்காக! மேலன்னா வடக்கு இல்ல, கிப்லா! தெற்கு மாமா, தெற்கு!"

ஞானதுரை ஓடிவந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டுப் பார்த்தார். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "அட பாவி மனுசா! கூடவே ஒன்றரை வருசம் இருந்தேனே! ஒரு நாளைக்கு அஞ்சு வேளை அவன் இந்தப் பக்கம் பாத்து உக்காந்திருந்தத நாந்தான பாத்தேன்! காம்பஸத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன் பாரு, காம்பஸ!"

"தலைகீழாப் படிச்ச சர்வேயர இன்னைக்குத்தான் பாக்கேன்," என்றார் இருளப்பன் வண்டி நிழலிலிருந்து. அவருக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. "மணி ஒண்ணு. போங்கப்பா, வெரசாப் போங்க! எனக்குக் காலு இல்ல, கையி இருக்கு. நீங்க வாரதுக்குள்ள நம்ம டூ-இன்-ஒன்னத் துடைச்சு வக்கிறேன்."

பரமக்குடியிலிருந்து துணியில் சுற்றி மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தார் அந்த டேப் ரெக்கார்டரை. முதல் லீவுக்கு ஊருக்குப் போனபோது சுமந்து போனது.

ஔதா சூரியனை அண்ணாந்து பார்த்தான். விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டான். பிறகு பல்கீஸின் முகத்தைப் பார்த்துவிட்டு, "யல்லா! கிளம்புங்க!" என்றான்.

தெற்கே ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். சந்து குறுகிக்கொண்டே போனது. முதலில் இரண்டு பேர் போகலாம், பிறகு ஒருவர், பிறகு பக்கவாட்டில் திரும்பினால்தான் உண்டு. திடீரென்று வழியே அடைபட்டது. மேலேயிருந்து விழுந்த ஒரு பெரிய பாறை சந்தை மூடியிருந்தது. அடியில் இடுப்பளவுக்கு ஒரு இடைவெளி.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குனிந்து போ!" என்று பல்கீஸும் ஞானதுரையும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பாறைகள் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லின.

முழங்காலில் தவழ்ந்து போனார்கள். வாப்பாவின் முழங்காலில் மண் ஒட்டியது இங்கேதான்! அந்தப் பக்கம் வெளியே வந்தால் அகலமான மணல்வெளி. அதன் நடுவில் ஒற்றைக்காலில் நின்றது ஒரு பாறை. வடக்கே பார்த்தது ஆப்பம் என்றால் இது ஆப்பத்துக்கெல்லாம் ஆப்பம். ஓரத்தில் மொறுமொறுப்பான சரிகைகூடத் தெரிந்தது. காற்று செய்த வேலை.

"சமையல்காரன் கண்ணு ஏமாறல," என்றார் ஞானதுரை மூச்சிரைக்க.

வலது கைப்பக்கம், மேற்கே திரும்பினார்கள். எதிர்வெயில் கண்ணைக் குத்தியது. ஒரு மணல் மேடு. இரண்டடி ஏறினால் ஒரு அடி சறுக்கியது. ஞானதுரை நாலு தடவை உட்கார்ந்தார், நாலு தடவையும் தானே எழுந்தார். மேட்டின் உச்சிக்கு வந்தபோது மணி மூன்றரை. கீழே, தரையோடு தரையாக, ஆளுயரத்துக்கு ஒரு பாறை வளைவு நின்றது. ஏற வேண்டியதில்லை, தொங்க வேண்டியதில்லை. தொப்பை உள்ள மனிதர் நடந்து போய் நுழையலாம்.

ஆனால் வளைவின் பாதி மணலால் மூடியிருந்தது!

மூன்று பேரும் கையால் தோண்டினார்கள். அள்ள அள்ள மணல் சரிந்து வந்தது. நாலு மணி. ஔதா சட்டையைக் கழற்றி மணலைக் கட்டி இழுத்து வெளியே கொட்டினான். நாலரை. பல்கீஸின் எரிந்த உள்ளங்கையில் ரத்தம் கசிந்தது. "போதும்மா, நீ உக்காரு," என்றார் ஞானதுரை. அவள் கேட்கவில்லை. "உம்மா, உம்மா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அள்ளினாள். இடது ஓரத்தில், பாறை உள்வாங்கிய ஒரு பொந்தில், அவள் விரல் எதிலோ இடித்தது. டக் என்று ஒரு சத்தம். தகரச் சத்தம்!

பெரிய பால்பவுடர் டின். மூடியைச் சுற்றி மைதா பசையால் ஒட்டிய துணி, காய்ந்து கல்லாகியிருந்தது. சமையல்காரர் வேலை. ஔதா கத்தியால் கீறித் திறந்தான். உள்ளே ஒரு நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை, அதற்குள் பாலித்தீன், அதற்குள் ஒரு கேசட். ஒட்டியிருந்த சீட்டில் கோணல் எழுத்தில் 'பல்கி வாப்பாவுக்கு' என்று இருந்தது.

பல்கீஸ் கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். ஞானதுரையும் அழுதார். ஔதா இரண்டு நிமிஷம் பொறுத்தான். அதற்கு மேல் முடியவில்லை.

"யல்லா! யல்லா! சூரியன் போகுது!"

திரும்பி ஓடினார்கள். ஆப்பப் பாறையின் நிழல் மணல்வெளி முழுக்க நீண்டு கிடந்தது. தவழ்ந்து சந்துக்குள் வந்தபோது சூரியன் விழுந்துவிட்டது. மத்தியானம் ஒரே சந்தாகத் தெரிந்தது, இப்போது மூன்றாகப் பிரிந்து தெரிந்தது. ஔதா ஒன்றில் பத்தடி போய்த் திரும்பி வந்தான். இன்னொன்றிலும் அப்படியே. அவன் முகத்தில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது.

அப்போது கேட்டது.

பீ, பீ, பீ, பீ...ஈ!

மூணு குட்டை, ஒரு நெட்டை!

"எங்க இருளப்பன் வே! தபால் பை வந்துட்டு!" என்று அலறினார் ஞானதுரை. ஆரன் மறுபடி அடித்தது. இடது பக்கச் சந்து! சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். நின்றால் அது அடித்தது, திகைத்தால் அது கூப்பிட்டது. சந்தின் வாயில் வண்டி விளக்கு கண்ணைக் கூச வைத்தது. ஸ்டியரிங்கில் சாய்ந்து, வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, ஆரனில் கை வைத்தபடி இருளப்பன் உட்கார்ந்திருந்தார்.

"கரண்டியில்லாம வந்திருக்கிய, பரவாயில்ல. கெடச்சுதா?"

பல்கீஸ் கேசட்டை நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தார். சக்கரம் சுற்றவில்லை. நாடா ஒட்டிக்கொண்டிருந்தது. பென்சில் நுனியைக் கோத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு பல் ஒரு பல்லாகத் திருப்பினார். நாடாவை அழுத்திப் பிடிக்கிற, உள்ளே விழுந்து கிடந்த பஞ்சுத் துண்டைக் குண்டூசியால் எடுத்து வைத்து, சொட்டுப் பசை தடவினார். பெட்டியில் போட்டார். பொத்தானை அமுக்குவதற்கு முன் நிமிர்ந்து பல்கீஸைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

கரகரவென்று ஒரு சத்தம். வெறும் கரகரப்பு. நீளமாக. ஞானதுரை கண்ணை மூடிக்கொண்டார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நல்லா இருக்கியளா? நாங்க எல்லாரும் அல்லாஹ்ட காவல்ல நல்லா இருக்கோம்..."

கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல். அவசரக் குரல். பல்கீஸின் குரலேதான் என்று பட்டது இருளப்பனுக்கு.

"போன கேசட்டுல பூரா இருமிக்கிட்டே பேசினியளே, கசாயம் வச்சுக் குடிச்சியளா? ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுற ஆளு, ஒங்களுக்கு ஒரு கசாயம் வச்சுக்க மாட்டியளாக்கும்? ஞானதுரை அண்ணன்ட்ட சொல்லி வைக்கச் சொல்லுங்க, அவுகளாவது கேப்பாக..."

"கேட்டேன் தங்கச்சி. நீ சொல்லாமலே அப்பவே வச்சுக் கொடுத்தேன்," என்றார் ஞானதுரை டேப் ரெக்கார்டரைப் பார்த்து.

"இந்தா, பல்கி வந்துட்டா. ஏ பிள்ளே, கடிக்காத, அது மைக்கு! சொல்லு. வாப்பா. சொல்லும்மா, வாப்பா!"

ஒரு குழந்தையின் மூச்சு. ஒரு சிரிப்பு. பிறகு பாலைவனம் முழுக்கக் கேட்கிற மாதிரி: "வாப்பா! வாப்பா! வாப்பா!"

உம்மா சிரித்தாள். இழுத்து இழுத்து, நிறுத்தத் தெரியாமல் சிரித்தாள்.

"கேட்டியளா? இன்னைக்குத்தான் மொத மொதல்ல சொல்றா! இங்க பாருங்க, இந்தக் கேசட்ட மட்டும் அழிச்சிராதிய. பதிலுக்கு வேற கேசட்டு வாங்கிப் பேசி அனுப்புங்க. இத எங்கயாவது பத்திரமா வைங்க. பெரியவளாகி அவ கேக்கட்டும்."

டக்கென்று நின்றது.

வாப்பா இதைக் கேட்கவே இல்லை. கேட்காமலே செய்திருந்தார்.

பல்கீஸ் கேசட்டை எடுத்து இருளப்பனிடம் கொடுத்து அதன் முதுகைத் தொட்டுக் காட்டினாள். அவருக்குப் புரிந்தது. ஔதாவின் கத்தியை வாங்கி, அங்கேயிருந்த இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்களை ஒவ்வொன்றாக ஒடித்தார். அந்தப் பற்கள் இல்லாத கேசட்டின் மேல் இனி யாரும் எதையும் பேச முடியாது.

வேலி எழும்புவதற்கு ஆறு நாள் முன்னதாக, வண்டி நகருக்குத் திரும்பியது. மறுநாள் விமானத்தில் மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். ஞானதுரை காம்பஸைச் சட்டைப்பையில் வைக்கவில்லை, பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டார். ஊரில் பேரப்பிள்ளைகள் கதை கேட்டால் இப்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான். "படத்தப் படிக்க முன்னால, வரைஞ்சவன் எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருந்தான்னு கேளுங்கல."

பல்கீஸ் கீழக்கரைக்கு வந்த அன்றைக்கே கசாயம் வைத்தாள். அவளுக்கு இருமல் எதுவும் இல்லை. உம்மா சொல்லியிருக்கிறாள், யாராவது குடிக்க வேண்டாமா?